பத்து டேபிள்காரருக்கு எதிரே ஒரே டேபிளில்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் பற்றி ஒருவர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன்: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும், நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் (முதலில் மூன்று, அது ஃப்ளாப், அப்புறம் ஒன்று, டர்ன், கடைசியாக ஒன்று, ரிவர்), இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு நடுவில் சேர்ந்த சிப்ஸ் (பந்தய வில்லைகள்) மொத்தமும் போகும், அதற்கு முன்னாலேயே மற்ற எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டால் (சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டால்) கடைசியாக நிற்பவருக்குப் போகும். அதற்கப்புறம் சேலம் பக்கமிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தது, ஒரே நேரத்தில் பல டேபிள்களில் ஆடுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரித்துப் பார்க்காமல், மொத்தமாகத் தடை செய்கிறது. ஆகவே இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இலவச சிப்ஸ் டேபிளுக்குத்தான். அனுமதியுள்ள வெளிநாட்டில் வசிப்பவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பது அந்த ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது.

முதல் கேள்வி: என் சொந்த ஊர் சேலம் ஃபேர்லேண்ட்ஸ், வேலை மான்செஸ்டரில். அங்கே உரிமம் பெற்ற தளத்தில் ஆறு பேர் டேபிளில் மிகச் சிறிய தொகைக்கு ஆடுவேன், ஒரே ஒரு டேபிள்தான். எதிரே இருப்பவர்களில் மூன்று பேராவது எட்டு, பத்து டேபிள்களில் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் பெரிதாகத் தோற்பதும் இல்லை, ஜெயிப்பதும் இல்லை, ஆனால் சிப்ஸ் மெதுவாகக் கரைகிறது. இவர்களை எப்படி ஆடுவது? இப்போது ஒரு மாத விடுப்பில் ஏற்காடு வந்திருக்கிறேன், யோசிக்க நேரம் இருக்கிறது.
(ஒரு வாசகர், ஏற்காடு)

முதலில் அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஆடும் ஆன்லைன் டேபிளில் மணிக்கு 70, 80 கைகள் போகும் (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை). பத்து டேபிள் என்றால் மணிக்கு 700, 800 கைகள். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடிதான். ஆக ஒரு கைக்கு அவரிடம் இருப்பது சுமார் ஐந்து விநாடி, அந்த ஐந்து விநாடிக்குள் தன் சீட்டைப் பார்த்து, எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்து, முன்னால் யார் எவ்வளவு போட்டார் என்று பார்த்து பட்டனை அழுத்த வேண்டும். உங்களுக்கோ அதே கைக்கு ஐம்பது விநாடி. ஆட்டத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே சொத்து இந்த வித்தியாசம்தான், வேறெதுவும் இல்லை, ஏனென்றால் சீட்டு அறிவில் அவர் உங்களைவிட மேலாகவே இருக்கக்கூடும்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் அவர் எப்படி ஆடுகிறார்? யோசிக்க வேண்டியதை எல்லாம் வீட்டுப்பாடம் போல முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறார். எந்த இடத்தில் எந்தச் சீட்டுக்கு உள்ளே வருவது, எவ்வளவு ஏற்றுவது, ஃப்ளாப்பில் எவ்வளவு போடுவது எல்லாம் முடிவான சங்கதி. சந்தேகம் வரும் கைகளை அவர் எடுப்பதே இல்லை, ஏனென்றால் ஒரு டேபிளில் சந்தேகம் வந்தால் மற்ற ஒன்பது டேபிளிலும் நேரம் ஓடிவிடும். அதனால்தான் மல்டி டேபிள்காரர் பெரும்பாலும் இறுக்கமாக ஆடுவார், நூறு கை வந்தால் பதினைந்து இருபதுக்குத்தான் தானாகச் சிப்ஸ் போட்டு உள்ளே வருவார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். டேபிள் பட்டியலைத் திறந்து ஒரே பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள், தளம் அதைக் காட்டாவிட்டாலும் வேறு அறிகுறிகள் இருக்கின்றன: அரட்டைப் பெட்டியில் வாயே திறக்கமாட்டார், சிப்ஸ் குறைந்த அடுத்த நொடி தானாக முழுத் தொகைக்கு நிரம்பிவிடும், ரெய்ஸ் (பணயத்தை ஏற்றுவது) எப்போதும் ஒரே அளவு, அவ்வப்போது நேரம் முடிந்துபோய் கையே தவறும்.

சரி, எங்கே அடிப்பது? பிளைண்டில்தான். உங்கள் சிப்ஸ் மெதுவாகக் கரைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது கரைவதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அரையும் (ஸ்மால் பிளைண்ட்) ஒன்றுமாக (பிக் பிளைண்ட்) கட்டாயச் சிப்ஸ் போட்டாக வேண்டும், மல்டி டேபிள்காரர் நல்ல சீட்டு இல்லாவிட்டால் அந்த ஒன்றை விட்டுவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார், அதற்காக மல்லுக்கு நிற்க அவருக்கு நேரம் இல்லை. நீங்கள் ஸ்மால் பிளைண்டில் இருக்கிறீர்கள், எல்லோரும் ஃபோல்ட், பிக் பிளைண்டில் அவர் மட்டும் என்று வையுங்கள். ஏற்கெனவே அரை போட்டிருக்கிறீர்கள், மூன்றுக்கு ஏற்றினால் புதிதாக இரண்டரையைப் பணயம் வைத்து நடுவில் இருக்கும் ஒன்றரையைப் பிடிக்கிறீர்கள். இரண்டரையை, இரண்டும் சேர்ந்த நான்கால் வகுத்தால் 62.5 சதவீதம். அவர் அதைவிட அதிகமாக ஃபோல்ட் செய்கிறவர் என்றால், உங்கள் கையில் என்ன சீட்டு என்பதே முக்கியமில்லை, ஏற்றினாலே லாபம். டீலர் பட்டனிலிருந்து (பிளைண்ட் இரண்டுக்கும் முந்திய இடம்) இரண்டரைக்கு ஏற்றினாலும் அதே 62.5 சதவீதம்தான், ஆனால் அங்கே இரண்டு பேரும் சேர்ந்து ஃபோல்ட் செய்ய வேண்டும், ஆளுக்குச் சுமார் 79 சதவீதம் வேண்டியிருக்கும். இரண்டு பிளைண்டிலும் மல்டி டேபிள்காரர்களே உட்கார்ந்திருந்தால் அதுவும் நடக்கிற காரியம்தான். இதனாலேயே இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் இறுக்கமான மல்டி டேபிள்காரர் உங்களுக்கு இடப்பக்கம் வரும்படி உட்காருங்கள், சகட்டுமேனிக்கு ஆடுகிறவர் வலப்பக்கம் இருக்கட்டும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இரண்டாவது இடம், ஃப்ளாப்புக்கும் டர்னுக்கும் நடுவே. ஜோடி இல்லாத இரண்டு சீட்டுக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது சேர்வது மூன்றில் ஒரு தடவைதான். ஆனால் முதலில் ஏற்றியவர் என்ற முறையில் அவர் ஃப்ளாப்பில் பழக்கத்துக்குப் பாதி பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் சிப்ஸில் பாதி) போட்டுவிடுவார், சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும். அவருக்குப் பின்னால் பேசும் இடத்தில் நீங்கள் இருந்தால், உங்களிடம் ஏதோ கொஞ்சம், ஒரு நடு ஜோடியோ இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) ஆகும் கையோ, இருந்தால் அதை ஒரு தடவை கால் செய்யுங்கள் (அவர் போட்ட அளவே போடுங்கள்). டர்ன் திறந்ததும் அவர் செக் (எதுவும் போடாமல் முறையை விடுவது) என்றால், அது பெரும்பாலும் உண்மையான செக், பொறி வைக்கிற அளவுக்கு இந்த ஒரு டேபிளில் அவருக்கு அக்கறை இல்லை. அப்போது பாதி பாட் போட்டுப் பாருங்கள், அவர் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் ஃபோல்ட் செய்தாலே அந்தப் பணயத்துக்கு நஷ்டமில்லை, நடைமுறையில் அதைவிட நிறையவே செய்வார். டர்னிலும் அவர் மறுபடி போட்டால் உங்கள் நடு ஜோடியைத் தயங்காமல் கீழே வையுங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இப்படிச் சின்னச் சின்னதாக அவரிடம் பிடுங்கிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் அவர் திடீரென்று உங்கள் ரெய்ஸுக்கு மேல் பெரிதாக ரெய்ஸ் செய்யும்போது, இவ்வளவு நேரம் பயந்தவர்தானே என்று கால் போடாதீர்கள். இருபது சின்னக் கைகளில் சேர்த்தது அந்த ஒரே கையில் போய்விடும். அவர் பயந்தவர் இல்லை, சீட்டு இல்லாதவராக இருந்தார், இப்போது சீட்டு வந்திருக்கிறது.

ஏற்காட்டில் இருக்கும் இந்த ஒரு மாதத்துக்கு மான்செஸ்டர் கணக்கைத் திறக்க வேண்டாம். விபிஎன் போட்டு உள்ளே போய்விடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், சட்டம் ஒருபக்கம், தளமே இடத்தை மறைத்ததைக் கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடும். கோட்டச்சேடு பக்கம் நடந்துவிட்டு வந்து, உங்கள் பழைய கைகளின் பதிவைத் தரவிறக்கி வைத்திருந்தால் அதை உட்கார்ந்து பாருங்கள், பிளைண்டில் எத்தனை தடவை போராடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று எண்ணினாலே போதும்.

நான் தறி ஓட்டுகிறவன். ராத்திரி வேலை முடிந்ததும் போனில் இலவச சிப்ஸில் ஆடுவேன். எதிரே ஒருத்தர் சில சமயம் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறார், சில சமயம் கண் மூடித் திறப்பதற்குள் செக் செய்கிறார். நேரம் எடுத்தால் பெரிய சீட்டு என்கிறார்கள், சிலர் பிளஃப் (சீட்டு இல்லாமல் மிரட்டுவது) என்கிறார்கள். எது சரி?
(ஒரு வாசகர், அம்மாப்பேட்டை)

உங்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். ஒருவர் ஆறு விசைத்தறியைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் ஆறிலும் ஓடுகிற ஒவ்வொரு இழையையும் அவர் பார்ப்பதில்லை, நூல் அறுந்து எந்தத் தறி நிற்கிறதோ அங்கேதான் போகிறார். பத்து டேபிள்காரரும் அப்படித்தான். உங்கள் டேபிளில் அவர் நேரம் எடுத்தார் என்றால், அந்த நேரத்தில் அவர் வேறொரு டேபிளில் நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் முக்கால்வாசி தடவை காரணம். ஆகவே தாமதத்தை மட்டும் வைத்துப் பெரிய சீட்டு என்றும் சொல்ல முடியாது, பிளஃப் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் வேகம் பொய் சொல்லாது. கண் மூடித் திறப்பதற்குள் செக் வருகிறது என்றால் அவர் தன் முறை வருவதற்கு முன்பே செக் அல்லது ஃபோல்ட் என்ற கட்டத்தை டிக் செய்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம், அந்தக் கையில் அவருக்கு ஆசை இல்லை. அப்போது ஒரு சின்ன பெட் போட்டால் பெரும்பாலும் உங்களுக்கே வந்துவிடும். உடனடி கால் வந்தால் வேறு கதை: பெரிய சீட்டு இருப்பவர் ஏற்றலாமா என்று ஒரு கணமாவது யோசிப்பார், யோசிக்காமல் கால் போடுகிறவரிடம் பெரும்பாலும் நடுத்தர ஜோடியோ இன்னும் ஒரு சீட்டு வந்தால் சேரும் ஃப்ளஷ்ஷோ (ஐந்தும் ஒரே ஜாதி) இருக்கும். இன்னொன்று, அதுவரை சட்டு சட்டென்று ஆடிக்கொண்டிருந்தவர் ஒரு கையில் நிறுத்தி, நிதானமாக, ரவுண்டாக இல்லாத ஒரு தொகையைத் தட்டி ரெய்ஸ் செய்தால், அவர் மற்ற டேபிள்களை விட்டுவிட்டு உங்கள் டேபிளுக்கு வந்திருக்கிறார். அதற்கு மரியாதை கொடுங்கள்.

ஒருவரை அரை மணி நேரமாவது பார்க்காமல் இதில் எதையும் நம்ப வேண்டாம். சிக்னல் சரியில்லாத ஆளாகக்கூட இருக்கலாம்.

மல்டி டேபிள்காரர்கள் எல்லாம் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறவர்களா? அப்படியென்றால் நானும் நாலு டேபிள் திறக்கலாமே?
(ஒரு வாசகர், அஸ்தம்பட்டி)

நன்றாக ஆடுவதற்காக யாரும் பத்து டேபிள் திறப்பதில்லை, மொத்த எண்ணிக்கைக்காகத்தான் திறக்கிறார்கள். ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். ஒருவர் ஒரு டேபிளில் முழுக் கவனத்தோடு ஆடினால் நூறு கைக்கு 8 பிக் பிளைண்ட் (அந்தக் கட்டாயத் தொகையைப் போல 8 மடங்கு) சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். மணிக்கு 75 கை, ஆக மணிக்கு 6. அவரே பத்து டேபிள் ஆடும்போது கவனம் சிதறி நூறு கைக்கு 2 ஆகக் குறைந்துவிடுகிறது, ஆனால் மணிக்கு 750 கை என்பதால் மணிக்கு 15 கிடைக்கிறது. கைக்கு நாலில் ஒரு பங்குத் தரத்தில்தான் ஆடுகிறார், ஆனாலும் மணிக்கு இரண்டரை மடங்கு சேர்க்கிறார். அவருக்கு அது சரியான முடிவு. உங்களுக்குச் சரியா என்பது, ஒரு டேபிளில் நீங்கள் இப்போது அந்த 8-ல் இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. ஒரு டேபிளிலேயே தோற்கிறவர் நாலு டேபிள் திறந்தால் நாலு மடங்கு வேகமாகத் தோற்பார்.

இந்த எண்ணிக்கை எங்கே வரைக்கும் போகும் என்பதற்கு ராண்டி லூ என்ற அமெரிக்க ஆட்டக்காரரைச் சொல்லலாம். 2012-ல் கின்னஸ் சாதனைக்காக எட்டு மணி நேரத்தில் 23,493 கைகள் ஆடினார், ஒன்றேகால் விநாடிக்கு ஒரு கை. நஷ்டத்தில் முடிக்கக் கூடாது என்பது நிபந்தனை, அவர் லாபத்தில்தான் முடித்தார், அந்த லாபம் 7 டாலர் 65 சென்ட். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த வேகத்தில் நஷ்டமில்லாமல் முடிப்பதே அபாரமான திறமை. ஆனால் அப்படிப்பட்டவருக்கே கவனத்துக்கு என்ன விலை இருக்கிறது என்று பாருங்கள்.

இலவச சிப்ஸில் இரண்டு டேபிள் முயன்று பாருங்கள், பரவாயில்லை. எதிரே இருப்பவர் கடைசியாகக் காட்டிய சீட்டு என்ன என்று கேட்டால் இரண்டு டேபிளுக்கும் பதில் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டால் ஒன்றை மூடிவிடுங்கள்.

எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் எண்களைக் காட்டும் ஹட் மென்பொருள் இல்லாமல் மல்டி டேபிள்காரரை ஜெயிக்க முடியுமா?
(ஒரு வாசகர், சூரமங்கலம்)

முடியும். அந்த மென்பொருள் அவருக்குத்தான் அவசியம், உங்களுக்கு இல்லை. பத்து டேபிளில் ஐம்பது எதிராளிகள், யார் எப்படி ஆடினார் என்று அவருக்கு நினைவிருக்காது, அதனால் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்: இவர் நூற்றுக்கு எத்தனை கைக்கு உள்ளே வருகிறார், எத்தனை தடவை ஏற்றுகிறார். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த எண்கள் கடந்த காலத்தைத்தான் சொல்லும். முதல் நூறு நூற்றைம்பது கைகள் நீங்கள் இறுக்கமாக ஆடினால் அவர் திரையில் நீங்கள் இறுக்கமான ஆள் என்று பதிந்துவிடும், அப்புறம் நீங்கள் பிளைண்டைத் திருட ஆரம்பித்தாலும் அந்த எண் மாறுவதற்கு ரொம்ப நேரம் ஆகும், அதுவரைக்கும் உங்கள் ரெய்ஸுக்கு மரியாதை கிடைத்துக்கொண்டே இருக்கும். எல்லாத் தளமும் இந்த மென்பொருளை அனுமதிப்பதில்லை, இலவச ஆப்களில் பெரும்பாலும் கிடையவே கிடையாது. பெயரைத் தொட்டால் குறிப்பு எழுதும் வசதி பல ஆப்களில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். டர்னில் செக் செய்தால் விட்டுவிடுவார், பிளைண்டைக் காப்பாற்றமாட்டார், இந்த மாதிரி ஒரு வரி போதும்.

பத்து டேபிளில் தூங்காமல் ஆடுகிறவர்கள் மனிதர்களே இல்லை, கம்ப்யூட்டர் என்கிறான் என் நண்பன். உண்மையா?
(ஒரு வாசகர், எடப்பாடி)

சிலர் அப்படி இருக்கலாம், பெரும்பாலான தளங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன, கண்டுபிடித்தால் கணக்கைப் பறிக்கின்றன. கம்ப்யூட்டரால் முடியுமா என்றால் கட்டாயம் முடியும். 2017-ல் லிப்ராட்டஸ் என்ற நிரல் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை, ஒருவருக்கு ஒருவர் ஆடும் வகையில், 1,20,000 கைகளில் தோற்கடித்தது. 2019-ல் அதை உருவாக்கிய கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினரும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செய்த புளூரிபஸ் ஆறு பேர் டேபிளிலேயே ஜெயித்தது. ஆனால் உங்கள் டேபிளில் ஒரே மாதிரி ரெய்ஸ், ஒரே மாதிரி ஃபோல்ட் செய்கிறவர் பெரும்பாலும் களைத்துப்போன ஒரு மனிதர்தான். சந்தேகம் வலுவாக இருந்தால் தளத்துக்குப் புகார் எழுதிவிட்டு டேபிளை மாற்றுங்கள்.

என் மகன் இன்ஜினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ராத்திரி முழுக்க போனும் லேப்டாப்புமாக இருக்கிறான். கேட்டால், நிறைய டேபிள் ஆடினால் நிச்சயம் மாதச் சம்பளம் மாதிரி வரும், நண்பன் ஒருத்தன் வாங்குகிறான் என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது உண்மையா ஐயா?
(ஒரு தாய், ஆத்தூர்)

அம்மா, மாதச் சம்பளம் மாதிரி வராது. அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை, நம்பியே சொல்லியிருப்பான், ஆனால் கணக்கு அவன் பக்கம் இல்லை. உண்மையிலேயே திறமையான ஒருவர், நூறு கைக்கு 2 பிக் பிளைண்ட் லாபம் எடுக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 10,000 கைகள் ஆடினால் அவருக்குச் சேர வேண்டியது 200. ஆனால் இந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிது என்றால், அதே 10,000 கைகளில் சீட்டு விழும் விதத்தால் மட்டுமே 900 வரை மேலேயோ கீழேயோ போவது சாதாரணம். பத்தில் நாலு தடவை அந்தத் திறமையான ஆளே நஷ்டத்தில்தான் எழுந்திருப்பார். இது ஜெயிக்கத் தெரிந்தவர் கதை. நடுவில் சேரும் பணத்தில் தளம் ஒரு பங்கு எடுத்துக்கொண்டே இருப்பதால் ஜெயிப்பவர்கள் எடுக்கும் மொத்தம் தோற்பவர்கள் விடும் மொத்தத்தைவிடக் கட்டாயம் குறைவாகத்தான் இருக்கும். நண்பன் வாங்கியதைக் காட்டுகிறான், விட்டதைக் காட்டினானா என்று கேட்கச் சொல்லுங்கள்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு இந்தியாவில் யாராவது பணம் வாங்கிக்கொண்டு ஆன்லைன் போக்கர் நடத்தினால் அவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, ஆகவே நீங்கள் பயந்து ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போதும் பணம் வாங்குகிற ஆப் எதுவாக இருந்தாலும் அது சட்டத்துக்கு வெளியே இருக்கிற ஆப், நாளைக்கு அவன் பணத்தைத் தர மறுத்தால் கேட்க ஆள் இருக்காது. ராத்திரி விழித்திருப்பது உங்களை உறுத்துவது நியாயம்தான், தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையமே 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று விதி போட்டது, சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் மாதம் அதைச் செல்லும் என்றது. அந்த நேரத்தில்தான் மனிதர்கள் நிதானம் இழக்கிறார்கள்.

திட்டாதீர்கள் அம்மா, திட்டினால் கடன் வாங்கியிருந்தாலும் சொல்லமாட்டான். காலையில், அவன் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, எவ்வளவு போயிருக்கிறது, யாரிடமாவது வாங்கியிருக்கிறாயா என்று மட்டும் கேளுங்கள். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை என்று அவன் சொன்னால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். நீங்களே அழைத்து அவனிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்கலாம்.

நாங்கள் ஐந்து நண்பர்கள், சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு இலவச சிப்ஸில் ஆடுவோம். போன வாரம் பொது டேபிளில் ஒரு கை. எனக்கு இரண்டு ஜாக். 3-க்கு ஏற்றினேன், பிக் பிளைண்டில் இருந்தவர் 10 ஆக்கினார். அவர் பல டேபிள் ஆடுகிறவர், அதுவரை ஒரு கையும் ஆடவில்லை. கால் போட்டேன். ஃப்ளாப் 9, 6, 2, மூன்றும் வேறு வேறு ஜாதி. அவர் 10 போட்டார், கால். டர்ன் 4, அவர் 27 போட்டார், கால். ரிவர் 3, மீதி 53-ஐயும் தள்ளினார், கால். இரண்டு குயின் காட்டினார். நடுவில் இருந்த எல்லாச் சீட்டையும்விட என் ஜோடி பெரியது, எப்படி ஃபோல்ட் செய்ய முடியும்?
(ஒரு கல்லூரி மாணவர், ஓமலூர்)

தம்பி, நடுவில் இருக்கும் சீட்டோடு உங்கள் ஜோடியை ஒப்பிடாதீர்கள், அவரிடம் இருக்கக்கூடிய சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு கையும் ஆடாத மல்டி டேபிள்காரர் பிளைண்டிலிருந்து ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் செய்கிறார் என்றால் அவரிடம் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்: இரண்டு ஏஸ், இரண்டு கிங், இரண்டு குயின், அல்லது ஏஸ்-கிங். ஜோடி ஒவ்வொன்றும் 6 விதமாக வரலாம், ஆக 18. ஏஸ்-கிங் 16 விதமாக வரலாம். மொத்தம் 34. எல்லாச் சீட்டுச் சேர்க்கையும் 1,326, அதில் இது இரண்டரை சதவீதம் சொச்சம்.

முதலில் கால் போட்டது சரி, நீங்கள் அவருக்குப் பின்னால் பேசுகிற இடத்தில் இருந்தீர்கள். ஃப்ளாப்பில் கால் போட்டதும் சரி, ஏனென்றால் ஏஸ்-கிங் வைத்திருப்பவரும் அங்கே பழக்கத்துக்கு 10 போட்டிருப்பார். கை திரும்பிய இடம் டர்ன். நடுவில் அப்போது, ஃபோல்ட் ஆன ஸ்மால் பிளைண்டின் அரையும் சேர்த்து, 40.5 இருந்தது, அவர் 27 போட்டார், நீங்கள் 27 கொடுத்து 67.5-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள், அதற்கு 28.6 சதவீதம் ஜெயிக்க வேண்டும். அவரிடம் பெரிய ஜோடி இருந்தால் உங்களைக் காப்பாற்ற மீதி இரண்டு ஜாக் மட்டும்தான், 44 சீட்டில் 2, ஐந்து சதவீதம்கூட இல்லை. ஏஸ்-கிங் இருந்தால் நீங்கள் 86 சதவீதம் முன்னால் இருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்த 16 ஏஸ்-கிங்கில் எட்டையாவது அவர் டர்னில் இவ்வளவு பெரிதாகப் போடுகிறவராக இருந்தால்தான் உங்கள் கால் தேறும், அதுவும் ரிவரில் இன்னும் 53 காத்திருக்கிறது என்பதைச் சேர்க்காமல். பத்து டேபிளில் ஒன்றாக இதை ஆடுகிறவர், ஒன்றும் சேராத ஏஸ்-கிங்கை வைத்துக்கொண்டு, ஒரு தடவை கால் போட்ட உங்களை மறுபடி 27 கொடுத்து விரட்டமாட்டார், செக் செய்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் போவார். அந்த 27 வந்தபோதே அவரிடம் ஜோடி என்று எடுத்துக்கொண்டு டர்னில் ஜாக்கை ஃபோல்ட் செய்திருந்தால் 20 சிப்ஸோடு போயிருக்கும், நூறும் போயிருக்காது.

இதே கை, இதே ஃப்ளாப், ஆனால் எதிரே இருந்தவர் உங்கள் ஐந்து நண்பர்களில் எதற்கெடுத்தாலும் ஏற்றுகிற ஒருவர் என்றால் ரிவர் வரைக்கும் கால் போடுங்கள்.